போக்கர் ஆட ஒரு டெஸ்க்டாப்: காசை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது

கடையில் போய் "கேம் ஆடத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு நேராகக் கிராபிக்ஸ் கார்டில் போய் நிற்கும். போக்கருக்கு அது கொசு அடிக்கக் கோடாலி. ஒரு பச்சை மேஜை, சுற்றிலும் ஆறோ ஒன்பதோ பெயர், நடுவில் ஐந்து சீட்டு, கீழே மூன்று பொத்தான். இதை வரைய எந்தக் கம்ப்யூட்டரும் திணறாது. போக்கரில் கம்ப்யூட்டரால் வரும் கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் முறை வந்து கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை உறைந்துபோகும், இணைப்பு அறுந்துபோகும், அல்லது நீங்கள் அழுத்தாத ஃபோல்டு (சீட்டைக் கைவிடும்) பொத்தான் தானாக அழுந்தும். அதைத் தடுக்கும் பொருள்களுக்குத்தான் பட்ஜெட்டில் முதல் இடம். அவை திரை, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு டிரைவ்), மவுஸ், இணைய இணைப்பு, மின்சார ஏற்பாடு. பிராசஸர் அதற்குப் பிறகு. கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலானவர்களுக்குத் தேவையே இல்லை.

தொடங்கும் முன் ஒன்று. பணம் வைத்து இணையத்தில் போக்கர் ஆடுவது சில நாடுகளில் தடை, சில நாடுகளில் உரிமம் பெற்ற தளங்களில் மட்டும் அனுமதி. நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். காசில்லாத பயிற்சி மேஜையில் மட்டும் ஆடுபவருக்கும் கீழே சொல்வது அப்படியே பொருந்தும்.

படி 1: எப்படி ஆடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

முதல் கேள்வி, ஒரே நேரத்தில் எத்தனை டேபிள்? ஆறு பேர் உட்காரும் ஒரு மேஜையில் மணிக்கு ஏறக்குறைய 70 முதல் 80 ஹேண்ட் (சீட்டுப் போடுவதில் தொடங்கி ஒருவர் ஜெயிப்பது வரையிலான ஒரு சுற்று) ஓடும். நாலு மேஜை திறந்தால் மணிக்கு 300. அதாவது 12 விநாடிக்கு ஒரு புது ஹேண்ட் எங்கோ ஒரு மூலையில் தொடங்கிக்கொண்டே இருக்கும். புதிதாக வருபவருக்கு இதுவே அதிகம். ஒரு கணக்கில் இத்தனை மேஜைக்கு மேல் கூடாது என்று சில தளங்களே வரம்பு வைத்திருக்கின்றன. அதைப் பார்க்காமல் பன்னிரண்டு மேஜைக்குத் திட்டம் போட்டுத் திரை வாங்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி, டிராக்கர் பயன்படுத்துவீர்களா? போக்கர்டிராக்கர் 4, ஹோல்டெம் மேனேஜர் 3 போன்றவை நீங்கள் ஆடிய ஒவ்வொரு ஹேண்டையும் டேட்டாபேஸில் சேர்த்து, எதிராளிகளின் புள்ளிவிவரத்தை மேஜை மேலேயே எண்களாகக் காட்டும். அந்த எண் கட்டத்துக்குத்தான் ஹட் என்று பெயர். எல்லாத் தளமும் இதை விடுவதில்லை. ஜிஜிபோக்கர் போன்றவை வெளியார் ஹட்டைத் தடை செய்திருக்கின்றன. தளத்தின் விதியை முதலில் படியுங்கள். கம்ப்யூட்டரின் வேலைச்சுமை பாதி இதைப் பொறுத்துத்தான் மாறும்.

மூன்றாவது, சால்வர் ஓட்டுவீர்களா? பியோசால்வர், ஜிடிஓ பிளஸ் போன்றவை ஒரு சூழ்நிலைக்குச் சரியான ஆட்டம் எது என்று மணிக்கணக்கில் கணக்குப் போடுபவை. உண்மையிலேயே பிராசஸரையும் ரேமையும் பிழிந்தெடுப்பது இவை மட்டும்தான். ஆட்டத்தின்போது இவற்றைத் திறந்து வைத்திருந்தாலே தளம் கண்டுபிடித்துக் கணக்கை முடக்கிவிடக்கூடும். ஆகவே ஆட்டமும் சால்வரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டிய அவசியமே வராது. ஆட்டம் முடிந்து படிக்கும் நேரத்துக்கான கருவி அது. இந்த ஆண்டு அதைத் தொடப்போவதில்லை என்றால் அதற்காக இப்போதே செலவழிக்க வேண்டாம்.

படி 2: முதலில் திரை, பிறகுதான் பெட்டி

வழக்கமாகப் பெட்டியை வாங்கிவிட்டு மிச்சக் காசில் திரை வாங்குவார்கள். போக்கருக்கு இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். திரையில் எத்தனை மேஜை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கும் என்பதே கணக்கு.

1920×1080 திரையில் இரண்டுக்கு இரண்டாக நாலு மேஜை உட்காரும். ஒவ்வொன்றுக்கும் 960×540 புள்ளிகள், அதிலும் டாஸ்க்பார் கொஞ்சம் தின்றுவிடும். ஹட் எண்களைப் படிக்க இது போதும், தாராளம் என்று சொல்ல முடியாது. 2560×1440 திரையில் மூன்று வரிசை இரண்டு அடுக்காக ஆறு மேஜை நன்றாகப் பரவும். ஒரு மேஜைக்கு 853 புள்ளி அகலம் கிடைக்கும். 3840×2160, அதாவது 4கே திரையில் நாலுக்கு நாலு என்று பதினாறு மேஜை வைக்கலாம். வைக்கலாம் என்பதற்காக ஆட முடியும் என்று அர்த்தமில்லை.

புள்ளிகளின் எண்ணிக்கையோடு திரையின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 24 இன்ச்சில் 1080 என்றால் இன்ச்சுக்கு 92 புள்ளி. 27 இன்ச்சில் 1440 என்றால் 109. இரண்டும் விண்டோஸ் எழுத்தளவை 100 சதவீதத்தில் வைத்தே படிக்கத்தக்கவை. 27 இன்ச்சில் 4கே வாங்கினால் இன்ச்சுக்கு 163 புள்ளி. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். எழுத்தளவை 150 சதவீதமாக ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றிய கணமே கூடுதல் புள்ளிகளால் கிடைத்த இடம் கரைந்துபோகும், போதாததற்கு ஹட்டும் இடம் மாறி உட்காரத் தொடங்கும் (இதற்குப் படி 8-இல் வருவோம்). 4கே வேண்டும் என்றால் 43 இன்ச் பக்கம் போங்கள். கோடே இல்லாமல் ஒட்டி வைத்த நாலு 21.5 இன்ச் திரைகளுக்கு அது சமம். அதை வைக்கும் மேஜைக்கு ஆழம் வேண்டும், கழுத்தும் ஒத்துழைக்க வேண்டும்.

புதியவருக்கு எங்கள் பரிந்துரை 27 இன்ச் 1440 ஒன்று. பட்ஜெட் இறுக்கம் என்றால் 24 இன்ச் 1080 ஒன்று வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே மாடலில் இரண்டாவதைச் சேர்த்துக்கொள்ளலாம். அதே மாடல் என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. இரண்டு திரைக்கும் எழுத்தளவு விகிதம் ஒன்றாக இருந்தால் பாதித் தலைவலி வராது.

பேனல் ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். விலை குறைந்த டிஎன் பேனலில் கீழ்க்கோணத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறும். நாலு நிறச் சீட்டுக்கட்டு என்று ஒரு அமைப்பு பெரும்பாலான தளங்களில் இருக்கிறது. இஸ்பேடு கறுப்பு, ஆட்டின் சிவப்பு, டைமன் நீலம், கிளாவர் பச்சை. அதை வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள். ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) இருக்கிறதா இல்லையா என்று கண் உடனே பிடித்துக்கொள்ளும். திரை ஓரத்தில் உள்ள மேஜையில் பச்சையும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரிந்தால் அந்தப் பலன் போச்சு. 144 ஹெர்ட்ஸ், ஒரு மில்லிவிநாடி என்றெல்லாம் பெட்டியில் போட்டிருக்கும். சீட்டு பறந்து வருவது கொஞ்சம் வழவழப்பாகத் தெரியும், அவ்வளவுதான். 60 ஹெர்ட்ஸ் போதும். பளபளப்பில்லாத மேல்பூச்சு, உயரம் கூட்டிக் குறைக்கும் தாங்கி, இந்த இரண்டுக்கும் கொடுக்கும் காசு வீணாகாது.

படி 3: பிராசஸரும் வீடியோ வாசல்களும்

நாலு மேஜை, ஹட், ஒரு பிரவுசர். இதற்கு ஆறு கோர் உள்ள எந்தப் பிராசஸரும் போதும். இன்டெல் ஐ5 வகையோ ஏஎம்டி ரைசன் 5 வகையோ, கடந்த சில ஆண்டுகளில் வந்தது எதுவானாலும் சரி. அதற்கு மேல் கொடுக்கும் காசு ஆட்டத்தில் தெரியாது.

கவனிக்க வேண்டியது பெயரின் கடைசி எழுத்து. இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் ஜி என்று முடியாத டெஸ்க்டாப் சிப்புகளிலும் கிடையாது. 7000 வரிசையிலிருந்து எஃப் என்று முடிபவை தவிர, சாதாரண மாடல்களில் சிறிய கிராபிக்ஸ் உள்ளேயே வருகிறது. எஃப் கொஞ்சம் மலிவு என்று வாங்கிவிட்டு, திரையில் படமே வராமல், கடைசியில் தனிக் கார்டு வாங்கி அதைவிட அதிகமாகச் செலவழிப்பது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து மதர்போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ எத்தனை, டிஸ்ப்ளேபோர்ட் எத்தனை? இரண்டு திரைக்கு இரண்டு வாசல் இருந்தால் தனிக் கார்டு வேண்டாம். 4கே திரை என்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2-க்குக் குறையக் கூடாது. பழைய எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் வரும். மவுஸ் அம்பு சேற்றில் நடப்பது போல இருக்கும். மூன்று திரை வேண்டும், வாசல் இரண்டுதான் என்றால் மட்டும், மூன்று வாசல் உள்ள கார்டுகளிலேயே மலிவானதைப் போடுங்கள். கார்டு போட்ட பிறகு திரைக் கம்பியைப் பழையபடி மதர்போர்டில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று தேட வேண்டாம். கம்பி கார்டில் செருகப்பட வேண்டும்.

பவர் சப்ளை 450 வாட், தரச் சான்றிதழ் உள்ளதாக. இதில் மேலும் பேச ஒன்றுமில்லை.

படி 4: ரேம்

16 ஜிபி. ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். உள்ளமைந்த கிராபிக்ஸ் ரேமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. இரண்டு குச்சி இருந்தால் அதற்கு வழி இரட்டிப்பாகும். நாலு துளை உள்ள போர்டில் பொதுவாக இரண்டாவது, நாலாவது துளைகளில் போட வேண்டும். முதல் இரண்டு துளைகளில் செருகினால் கம்ப்யூட்டர் ஓடத்தான் ஓடும், இரண்டாவது வழி மட்டும் திறக்காது.

சால்வர் கணக்கு வேறு. ஒரே ஒரு ஃப்ளாப்பை (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) நாலைந்து பெட் அளவுகளோடு போட்டால் 10 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். ஒவ்வொரு பெட் அளவைக் கூட்டும்போதும் சால்வர் கணக்கிட வேண்டிய கிளைகளின் மரம் கூட்டலாக வளராது, பெருக்கலாக வளரும். அதற்கு 32 ஜிபி குறைந்தபட்சம், 64 இருந்தால் நிம்மதி. பிற்பாடு அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் நாலு துளை உள்ள மதர்போர்டாக இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: எஸ்எஸ்டி, டிராக்கரின் உயிர்நாடி

டிராக்கர் ஓட்டுபவர் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. போக்கர்டிராக்கர் போன்றவை போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை அடியில் வைத்து ஓடுகின்றன. ஒரு ஹேண்ட் முடிந்ததும் தளம் அதை ஒரு உரைக் கோப்பில் எழுதும். டிராக்கர் அதைப் படித்து, பிரித்து, டேட்டாபேஸின் பல அட்டவணைகளில் சின்னச் சின்னதாகப் பதியும். பதிந்த கையோடு மேஜையில் இருக்கும் ஒவ்வொருவரின் எண்ணையும் மறுபடி தேடி எடுத்து ஹட்டில் காட்டும். நாலு மேஜையில் இது 12 விநாடிக்கு ஒருமுறை.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஊசி ஒவ்வொரு தடத்துக்கும் ஓடி ஓடித் தேட வேண்டும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. டேட்டாபேஸ் வளர வளர, ஹட் முதலில் இரண்டு விநாடி தாமதிக்கும், பிறகு பத்து விநாடி. கடைசியில், போன எதிராளியின் எண் புதிதாக வந்து உட்கார்ந்தவரின் தலைமேல் நிற்கும். எண்ணே இல்லாமல் ஆடுவதைவிடத் தப்பான எண்ணைப் பார்த்து ஆடுவது மோசம். ஆகவே டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும், அதில் விவாதமில்லை.

என்விஎம்இ வகையோ சாட்டா வகையோ, ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் காண மாட்டீர்கள். புதுப் பெட்டி என்றால் என்விஎம்இ வாங்குங்கள், விலை ஏறக்குறைய ஒன்றுதான். எம்.2 துளை (எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சில பழைய போர்டுகளின் எம்.2 துளை சாட்டா வகையை மட்டும் ஏற்கும். அளவு 500 ஜிபி தாராளம். உரைக் கோப்பாக ஒரு ஹேண்ட் ஒன்றிரண்டு கிலோபைட்தான், 10 லட்சம் ஹேண்ட் என்றால் ஒன்றிரண்டு ஜிபி. டேட்டாபேஸாக மாறும்போது அதைப்போலப் பல மடங்கு ஆகும், ஆனாலும் அடங்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும். நிரம்பிய எஸ்எஸ்டி எழுதும்போது தடுமாறும்.

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். வாரம் ஒருமுறை அந்த உரைக் கோப்புகள் இருக்கும் ஹேண்ட் ஹிஸ்டரி ஃபோல்டரை அதில் பிரதி எடுக்கலாம். டேட்டாபேஸ் கெட்டுப்போனாலும் உரைக் கோப்புகள் இருந்தால் ஒரு ராத்திரி ஓடவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கோப்புகளும் போனால் எதிராளிகளைப் பற்றிச் சேர்த்த குறிப்பெல்லாம் போச்சு.

படி 6: புதிதா, பழையதா?

நாலு மேஜைக்காரருக்கு, அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் பெட்டிகள் நல்ல பேரம். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எல்லாம் இந்த வகை. எல்லைக்கோடு எட்டாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 அதற்குக் கீழே உள்ளவற்றை அதிகாரபூர்வமாக ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் கேட்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத கம்ப்யூட்டரில் பணக் கணக்கைத் திறப்பது சரியில்லை. ஐ5-8500 உள்ள பெட்டி கிடைத்தால் ஆறு கோர் இருக்கிறது, போக்கருக்குப் போதும்.

பழையது வாங்கினால் செய்ய வேண்டியவை: உள்ளே இருக்கும் விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாகப் போடுங்கள், யாரோ அமைத்துக்கொடுத்த விண்டோஸில் உங்கள் கடவுச்சொல்லைத் தட்டவே கூடாது. எஸ்எஸ்டியைப் புதிதாக மாற்றுங்கள். பிராசஸர் மேல் வெப்பப் பசையைப் புதுப்பித்து, விசிறித் தூசியை ஊதிவிடுங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அற்ப விலைதான். அது தீர்ந்திருந்தால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். தேதி தவறினால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி லாகின் மறுக்கப்படும். ஆள் இணையத்தைச் சந்தேகிப்பார், கடவுச்சொல்லைச் சந்தேகிப்பார், கடிகாரத்தை மட்டும் பார்க்க மாட்டார்.

இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை இணைப்பு பல மாடல்களில் அந்த நிறுவனத்துக்கே உரியது. பின்னால் பெரிய கார்டு போடலாம் என்ற கனவோடு வாங்காதீர்கள்.

படி 7: மவுஸ்

ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாக, எல்லாவற்றையும் வாங்கிவிட்டு மவுஸில் கஞ்சத்தனம் காட்டுவார்கள். நாலு மேஜைக்காரர் ஒரு மணி நேரத்தில் சில நூறு முறை அழுத்துகிறார். மலிவான மவுஸின் இடது பொத்தானுக்கடியில் உள்ள சின்னச் சுவிட்ச் தேய்ந்தால், ஒரு அழுத்து இரண்டாகப் பதியத் தொடங்கும். மற்ற வேலைகளில் ஃபோல்டர் தானாகத் திறக்கும், சிரித்துக்கொண்டு மூடிவிடலாம். போக்கரில் நடப்பதைப் பாருங்கள். மேஜைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆடுகிறீர்கள். மேலே இருந்த மேஜையில் ஃபோல்டு அழுத்துகிறீர்கள், அது விலகி அடுத்த மேஜை அதே இடத்தில் எழும்புகிறது, அதன் ஃபோல்டு பொத்தான் சரியாக உங்கள் அம்புக்கடியில். பொய்யான இரண்டாவது அழுத்து அதில் விழுகிறது. அங்கே கையில் இருந்தது ஏஸ் ஜோடியாக இருக்கலாம், பார்க்கக்கூட நேரம் கிடைத்திருக்காது.

இதற்கு மூன்று காப்பு. நல்ல சுவிட்ச் உள்ள கம்பி மவுஸ் ஒன்று வாங்குங்கள். கம்பியில்லாதது என்றால் மாற்று பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும். புதியவர்கள் அடுக்கி ஆடாமல் பரப்பி ஆடுங்கள், படி 2-இல் திரைக்குக் காசு போடச் சொன்னது இதற்காகவும்தான். மாதம் ஒருமுறை, காலி டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர் மேல் நிதானமாக ஐம்பது முறை ஒற்றை அழுத்து அழுத்துங்கள். ஒருமுறை அது திறந்துகொண்டாலும் அந்த மவுஸை வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கீபோர்டு எதுவானாலும் சரி.

படி 8: விண்டோஸை ஆட்டத்துக்குத் தயார்படுத்துதல்

தூக்க நிலையை முழுவதும் அணையுங்கள். பவர் அமைப்பில் யுஎஸ்பி சாதனங்களைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதியையும், நெட்வொர்க் கார்டின் மின்சிக்கன அமைப்பையும் அணையுங்கள். விண்டோஸ் அப்டேட்டில் பயன்பாட்டு நேரம் என்று ஒன்று உண்டு. அதிகபட்சம் 18 மணி நேரம் வரை குறிக்கலாம். டோர்னமென்ட் நேரம் அதற்குள் வரட்டும். அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், ஆடாத நாளில் நீங்களே ஓட்டிவிடுங்கள்.

ஹட் மேஜையை விட்டு விலகி நின்றால் காரணம் பெரும்பாலும் எழுத்தளவு விகிதம். ஒரு திரை 100 சதவீதம், இன்னொன்று 125 என்று இருந்தால், மேஜையை ஒன்றிலிருந்து மற்றதுக்கு இழுத்ததும் எண்கள் வேறு ஆளின் மேல் போய் விழும். இரண்டையும் ஒன்றாக்குங்கள். இயலாவிட்டால் டிராக்கரின் குறுவழியில் வலது அழுத்து, பண்புகள், இணக்கத்தன்மை என்று போய் உயர் டிபிஐ அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

ஹட் வரவே இல்லை என்றால் நாலு இடம் பாருங்கள். தளத்தின் செயலி நிர்வாகி உரிமையோடு ஓடுகிறதா? அப்படியானால் டிராக்கரும் அதே உரிமையோடு ஓட வேண்டும்; கீழ் உரிமையில் ஓடும் செயலி மேல் உரிமைச் சன்னலைத் தொட விண்டோஸ் விடாது. தளத்தில் ஹேண்ட் ஹிஸ்டரி சேமிப்பு இயக்கப்பட்டிருக்கிறதா, அதன் மொழி ஆங்கிலமாக இருக்கிறதா? அந்த ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் சிக்கியிருக்கிறதா? விண்டோஸ் ஆவண ஃபோல்டரை ஒன்டிரைவுக்கு நகர்த்திவிட்டால் டிராக்கர் பழைய விலாசத்திலேயே காத்துக்கொண்டிருக்கும். சி டிரைவில் தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, தளத்துக்கும் டிராக்கருக்கும் அதையே காட்டுவது நல்லது. நாலாவது, ஆன்டிவைரஸ். அந்த ஃபோல்டரையும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டா ஃபோல்டரையும் மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். ஆன்டிவைரஸையே அணைத்துவிடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள்.

படி 9: இணைப்பும் மின்சாரமும்

போக்கருக்கு வேகம் தேவையில்லை, அறுபடாமல் இருக்க வேண்டும். தளத்துக்கும் உங்களுக்கும் இடையே போவது சின்னச் சின்னத் தகவல் துளிகள்தான். அதில் ஒன்று தொலைந்தால்தான் மேஜை உறைகிறது. ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை கேட்5இ நெட்வொர்க் கம்பி ஒன்று இழுத்துவிடுங்கள். வைஃபைதான் வழி என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருங்கள், 2.4-இல் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் சேர்ந்து இரைச்சல் போடும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் கட்டளையை (ஒரு சின்னத் தகவலை அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) முதலில் ரவுட்டர் முகவரிக்கு 100 முறை ஓட்டுங்கள். கம்பியில் எல்லாம் ஒரு மில்லிவிநாடி அளவில் வர வேண்டும், ஒன்றுகூடத் தொலையக் கூடாது. பிறகு வெளியே உள்ள ஒரு முகவரிக்கு 100 முறை. முதலாவதிலேயே தொலைந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். முதலாவது சுத்தமாக இருந்து இரண்டாவதில் தொலைந்தால் இணைப்பு கொடுத்தவரிடம் பேசலாம், ஆதாரமாகச் சோதனையின் எண்கள் கையில் இருக்கின்றன. சோதனையில் சுத்தமாக வந்து ஆட்டத்தில் மட்டும் தடுமாறினால், அந்த நேரம் வீட்டில் எந்த போன் படங்களைக் கிளவுடில் ஏற்றுகிறது என்று பாருங்கள். மேலேற்றும் பாதை அடைத்துக்கொண்டால் உங்கள் அழுத்தும் வரிசையில் நிற்கும்.

யுபிஎஸ் வாங்கும்போது விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். போக்கர் டெஸ்க்டாப் ஒன்று திரையோடு சேர்த்து 100 வாட் பக்கம்தான் இழுக்கும் என்பதால் அது போதும், கையில் இருக்கும் ஹேண்டுகளை முடித்து எழ நேரம் கிடைக்கும். கிடைத்தால் சுத்த சைன் அலை வகை வாங்குங்கள். மலிவானவை தரும் படிக்கட்டு அலையைச் சில பவர் சப்ளைகள் ஏற்காமல் அணைந்துவிடும். இதில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ரவுட்டர். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும், சுவரில் செருகிய ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் செத்துக் கிடக்கும். இரண்டையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.

படி 10: திருடனுக்குச் சீட்டைக் காட்டாதீர்கள்

2013-இல் ஃபின்லாந்து ஆட்டக்காரர் யென்ஸ் கைல்லோனன் பார்சலோனாவில் ஒரு போட்டிக்காகத் தங்கியிருந்தபோது, ஹோட்டல் அறையிலிருந்த அவருடைய லேப்டாப்பில் யாரோ தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் நிரலை ஏற்றிவிட்டார்கள். ஆய்வு செய்து அதைக் கண்டுபிடித்தது எஃப்-செக்யூர் நிறுவனம். 2015-இல் ஈசெட் நிறுவனம் ஒட்லனோர் என்ற நச்சுநிரலைப் பற்றி எழுதியது. போக்கர் செயலி திறந்ததும் திரையைப் படம்பிடித்து அனுப்பும் அது, போக்கர் கால்குலேட்டர் போன்ற கருவிகளுக்குள் ஒளிந்து வந்தது. எதிராளிக்கு உங்கள் இரண்டு சீட்டும் தெரிந்தால் இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாப் படிகளும் வீண்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். போக்கருக்கென்று நிர்வாகி உரிமை இல்லாத தனி விண்டோஸ் கணக்கு. தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. கிராக் செய்த டிராக்கர், இலவச கால்குலேட்டர் எதுவும் அந்தக் கம்ப்யூட்டரில் வேண்டாம். டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்துவிட்டு அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். இடத்தை மறைக்க விபிஎன் போட்டு ஆடுவது பெரும்பாலான தளங்களில் கணக்கையே இழக்கும் குற்றம்.

படி 11: பணம் போடும் முன் ஒத்திகை

பயிற்சி மேஜை நாலு திறந்து இரண்டு மணி நேரம் ஆடுங்கள். டிராக்கர் ஓடட்டும், பக்கத்தில் ஒரு வீடியோவும் ஓடட்டும். டாஸ்க் மேனேஜரில் ரேம் 80 சதவீதத்தைத் தாண்டுகிறதா, டிஸ்க் 100-இல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒருமுறை நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கி, மேஜை திரும்ப வர எத்தனை விநாடி ஆகிறது, உங்கள் டைம் பேங்க்கில் (யோசிக்கத் தரும் கூடுதல் நேரம்) எவ்வளவு கரைகிறது என்று எண்ணுங்கள். இன்னொரு முறை யுபிஎஸ் செருகியைச் சுவரிலிருந்து எடுத்துப் பாருங்கள். பிறகு போனை யுஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்துக்கு மாறிப் பழகுங்கள். அந்தக் கம்பி மேஜை இழுப்பறைக்குள் வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே செருகித் தொங்கவிடுங்கள்.